மாப்பிள்ளை மாடிக்குப் போன காரணம்

மாப்பிள்ளை என்பது நாய். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சின்னவள் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு நீங்கள் வேறு எதையாவது நினைத்துக்கொள்வீர்கள். வெள்ளை நாய், ஒரு காது மட்டும் காப்பி நிறம். வேலை வெட்டி கிடையாது. வேளைக்குச் சாப்பாடு, சோபாவில் தூக்கம். தட்டில் பிடிக்காததை வைத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். "மாப்பிள்ளை மாதிரியில்ல நடந்துக்கறான்" என்று சின்னவளின் புருஷன் ஒரு நாள் சொன்னான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சின்னவள் அந்த வீட்டின் இளைய மருமகள். கீழ்த்தளத்தில் அவளும், நாலு நாளைக்கு ஒரு முறை வந்து முகம் காட்டிவிட்டுப் போகும் லாரி டிரைவர் புருஷனும். மாடியில் மூத்த மருமகள், பெரியவள். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில்தான் குடித்தனம். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பெரியவள் ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, சட்டைக்கு அளவு பிடிப்பது என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரே வாசல், ஒரே மாடிப்படி. ஓரகத்திகளுக்குள் சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை இருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்படியான ஒரு மரியாதைதான் இருந்தது.

நாய் சின்னவளுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய பியூட்டி பார்லரின் பின்பக்கம், ஷாம்பூ வந்த அட்டைப்பெட்டிக்குள் கண்கூடத் திறக்காமல் கிடந்ததை எடுத்து வந்து, மருந்து ஊற்றும் சொட்டுக்குழாயில் பால் புகட்டி வளர்த்தவள் அவள். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டாள். குனிந்து, மாப்பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கட்டைவிரலால் கண்ணோரத்தைத் தடவித் தடவி, "என் ராசா, என் தங்கம், அம்மாவைத் தேடினியா" என்று பத்து நிமிஷம் கொஞ்சுவாள். நாள் முழுக்க நின்ற கால்வலி அதில்தான் போகும் அவளுக்கு.

அப்படிப்பட்ட மாப்பிள்ளை, ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், சின்னவள் கதவைத் திறந்ததும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாடிப்படி ஏறிப் போனது.

முதல் நாள் அவள் சிரித்தாள். இரண்டாம் நாள், "எங்கடா போறே?" என்றாள். மூன்றாம் நாளிலிருந்து வயிறு எரிய ஆரம்பித்தது. தினமும் அதே கூத்து. கதவு திறக்க வேண்டியதுதான் தாமதம், ஐயா தடதடவென்று படியேறி, மாடிக் கதவை முன்னங்காலால் பிறாண்டுவார். உள்ளே இருந்து, "வந்துட்டியா, வா வா" என்று பெரியவளின் குரல் வரும். சாதாரணமாக யாரோடும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பெரியவள். அந்தக் குரலில் அவ்வளவு வெல்லம் இருக்கும் என்று சின்னவளுக்கு அதுவரை தெரியாது.

ஒரு நாள் பால் பாக்கெட் கொடுக்கிற சாக்கில் சின்னவள் மேலே போய் எட்டிப் பார்த்தாள். பார்த்திருக்கவே கூடாது. பெரியவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் மாப்பிள்ளையின் தலை. கண்ணை மூடிக்கொண்டு, உலகத்தில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்பதுபோல மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு கிண்ணம், ஒரு துணி. சின்னவள் மடியில் அது ஒரு நாளும் அப்படிக் கண்ணை மூடியதில்லை. அண்மைக்காலமாக அவள் முகத்தை ஏந்தினாலே தலையை லேசாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது.

"பாலா? அங்க வச்சிடும்மா" என்றாள் பெரியவள், எழுந்திருக்காமல்.

சின்னவள் பாக்கெட்டை வைத்த வேகத்தில் அது உடையாமல் இருந்தது பெரிய விஷயம்.

அன்று பார்லரில், வழக்கமாக வரும் டீச்சர் நரையை மறைக்க வந்து உட்கார்ந்தாள். சின்னவள் கிண்ணத்தில் சாயத்தைக் குழைத்து வெறுங்கையாலேயே எடுத்தாள். அதுதான் அவளுடைய பெருமை. மற்ற பார்லர்களில் கையுறை மாட்டிக்கொண்டு பிரஷ்ஷால் தடவுவார்கள். இவள் விரலால் வகிடு வகிடாக எடுத்து வேர்க்காலில் தேய்ப்பாள். கையுறை போட்டால் முடியோட பதம் எப்படித் தெரியும் என்பாள். "அந்தக் கை பட்டாத்தான் சாயம் பிடிக்குது" என்று தெருவே சொல்லும். விரல் நுனியும் நகக்கண்ணும் எப்போதும் பழுப்பேறி இருக்கும். அதை அவள் மோதிரம் போட்ட கைபோல ஆட்டி ஆட்டிப் பேசுவாள்.

"நாலு வருஷம் வளத்தவ நான். மாடியேறி அங்க என்ன இருக்குன்னு போறான்? சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

"அடப் பாவமே, ஒரு நாய் மேலயா பொறாமைப்படுறே?"

"நாய் மேல யாரு பட்டா? அவங்க மேல!"

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காதில் புகை வராத குறைதான்.

அதற்கப்புறம்தான் அவள் அந்தச் சிவப்பைக் கவனித்தாள். ஞாயிற்றுக்கிழமை, பகல் வெளிச்சம். மாப்பிள்ளையின் இரண்டு கண்ணைச் சுற்றியும் வளையமாக முடி கொட்டி, தோல் சிவந்து, அங்கங்கே பொரிந்து கிடந்தது. பின்னங்காலால் சொறிகிறது, சோபா ஓரத்தில் முகத்தைத் தேய்க்கிறது, மறுபடியும் சொறிகிறது. சின்னவளுக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஊர் முகத்துக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற தனக்கு இது தெரியாதா என்று, பார்லரிலிருந்து கொண்டு வந்த கற்றாழை ஜெல்லை நாலு நாள் தடவிப் பார்த்தாள். சிவப்பு இன்னும் பரவியது.

மாடிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் இப்படி ஆனது. இது போதாதா? பெரியவளுக்கு முழங்கால் வலி. ராத்திரி பகல் பாராமல் ஒரு பச்சைத் தைலத்தைத் தேய்த்துக்கொள்வாள். மாடிப்படி முழுக்க அந்த நெடிதான். அந்த முழங்காலில் முகத்தை வைத்துத்தானே இவன் படுக்கிறான்! சின்னவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே, வெட்கமில்லாமல், ஒரு சந்தோஷமும் வந்தது.

பெரியவளைப் படியில் வைத்தே பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க தைலம்தான் அவன் கண்ணைக் கெடுத்து வச்சிருக்கு. பாருங்க, பாருங்க எப்படிச் சிவந்திருக்குன்னு!"

பெரியவள் கையில் தைத்து முடித்த சட்டைகள். அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் சின்னவளின் கையைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தவள்போல இருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று மட்டும் கேட்டாள்.

"காட்டத்தான் போறேன். அவர் வாயாலேயே கேட்டுட்டு வரேன்."

கால்நடை டாக்டர் அவசரப்படாத மனிதர். மாப்பிள்ளையை மேஜை மேல் ஏற்றி, தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பூச்சி எதுவும் இல்லை. கண்ணில் ஒரு சொட்டு மஞ்சள் மருந்தை விட்டு நீல விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியில் கீறல் இல்லை. கீழ்க்கண்ணோரத்து வெள்ளை முடியை விரலால் விலக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல ஏதோ பழுப்பா ஒட்டியிருக்கே. முகத்துகிட்ட என்ன போகுது? பவுடர், சென்ட், தரை துடைக்கிற மருந்து?"

"தைலம் டாக்டர்! எங்க அக்கா, அதாவது என் வீட்டுக்காரரோட அண்ணி, அவங்க முழங்கால் தைலம்! அவங்க மடியிலதான் போய்ப் படுக்கறான்!"

"தைலம்னா தாடையிலயும் இருக்கணுமே, மடியில படுக்கறதுன்னா. இது கண்ணைச் சுத்தி மட்டும்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு." சொல்லிக்கொண்டே, மேஜையில் மாப்பிள்ளையைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை செய்யறீங்க?"

சொன்னாள்.

"சாயம் ஏதாவது புதுசா மாத்தினீங்களா?"

மாற்றியிருந்தாள். இரண்டு மாதம் ஆகப் போகிறது. நரை சீக்கிரம் மூடும் என்று கம்பெனிக்காரன் வந்து கொடுத்தது.

"முடிச்சாயம் சிலதுக்குத் தோல்ல ஒத்துக்காதும்மா. நகக்கண்ணுல தங்கியிருக்கறது சோப்புக்குப் போகாது. நீங்க முகத்தை எப்படிப் பிடிப்பீங்க, காட்டுங்க."

சின்னவள் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு கட்டைவிரலும் இரண்டு கண்ணோரமும் எங்கே சந்திக்கும் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலம் சாயங்காலம் அந்தப் பத்து நிமிஷம்.

டாக்டர் களிம்பு கொடுத்தார். சொறியாமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு கொடுத்தார். ஆறவைத்த வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, காலையிலும் சாயங்காலமும் களிம்பைப் போடச் சொன்னார். ஜெல் கில் எதுவும் வேண்டாம் என்றார்.

"மூணு வாரம். உங்க கை மட்டும் முகத்துகிட்டப் போகவே கூடாது. வீட்டுல வேற யாராவது போடட்டும்."

வேறு யார்? புருஷன் லாரியோடு எந்த ஊரில் இருக்கிறானோ. வீட்டில் இருப்பது ஒரே ஒரு வேறு ஆள்.

ஆட்டோவில் வரும்போது சின்னவள் அழுதாள் என்று சொன்னால் நம்புங்கள். நாலு வருஷம் உயிரைக் கொடுத்து வளர்த்ததன் முகத்தைத் தன் கையாலேயே பொசுக்கியிருக்கிறாள். ஆனால் அழுகையோடு அழுகையாக ஒரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இதைப் போய்ப் பெரியவளிடம் சொன்னால்? களிம்பையும் கொடுத்து, நாயையும் கொடுத்து, மூணு வாரம் அவள் மடியிலேயே கிட என்று இவளே அனுப்பி வைக்கிற மாதிரி ஆகாதா? தன் கை எரிக்கிற கை, அவள் கை ஆற்றுகிற கை என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார்களா? செத்தாலும் முடியாது.

வீட்டுக்கு வந்தபோது பெரியவள் படியில் நின்றிருந்தாள்.

"என்ன சொன்னார்?"

"தைலம்தானாம்" என்றாள் சின்னவள், கூம்பை மாட்டிக்கொண்டே. குரல் துளிகூடப் பிசகவில்லை. "உங்ககிட்ட விடவே கூடாதுன்னுட்டார்."

பெரியவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. மறுத்துப் பேசுவாள், சண்டைக்கு வருவாள் என்று சின்னவள் வரிந்து கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பெரியவள் அவளையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றாள். மேலே போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை, கூம்பு சுவரில் இடிக்க இடிக்க, படியேறிப் போனது. கதவைப் பிறாண்டியது. திறக்கவில்லை. தையல் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. மாப்பிள்ளை அங்கேயே உட்கார்ந்து, இதுவரை யாரும் கேட்காத ஒரு மெல்லிய குரலில் முனகியது. சின்னவள் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெயித்தது அவள்தான். ஜெயித்தவள் காலைக் காப்பியை அப்படியே ஆறவிட்டாள்.

களிம்பை அவளே போட்டாள். கையை மூன்று தரம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, துணி தேய்க்கும் பிரஷ்ஷால் நகத்தைச் சுரண்டிவிட்டு, போட்டாள். பஞ்சால் போட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளை தலையை உதற, பஞ்சு கண்ணில் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் விரல்தான். விரலைக் கண்டதும் மாப்பிள்ளை சோபாவுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. இழுத்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அவளைக் கண்டு ஒளிகிறது! சொட்டுக்குழாயில் பால் குடித்த நாய்!

ஆறாம் நாள் இடது கண் வீங்கி, பாதி மூடிவிட்டது. கூம்பை எங்கேயோ இடித்து இடித்து நெகிழ்த்திக்கொண்டு சொறிந்திருக்கிறது. போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார்.

"களிம்பு யாரும்மா போடறாங்க?"

அவள் தன் விரல் நுனிகளைப் பார்த்தாள்.

"நான் சொன்னது என்ன? இப்ப உடனே கூட்டிட்டு வாங்க, கருவிழியைப் பார்க்கணும். இன்னும் நாலு நாள் இப்படியே விட்டா அந்தக் கண்ணு போயிடும். தெரியுதா?"

பார்லருக்குப் பூட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். கருவிழியில் இன்னும் கீறல் விழவில்லை, மயிரிழையில் தப்பியிருக்கிறது. டாக்டர் திட்டவில்லை. கூம்பை இறுக்கி மாட்டி, சொட்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்து, "இதுக்கு மேல உங்க இஷ்டம்" என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டு வாசலில் இறங்கியதும் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே படியேறினாள். மாடிக் கதவை முழங்கையால் தட்டினாள். மிஷின் நின்றது. கதவு திறந்தது.

பெரியவள் முதலில் அந்தக் கண்ணைத்தான் பார்த்தாள். "ஐயோ" என்றாள்.

"அக்கா, தைலம் இல்ல." சின்னவள் மூச்சு விடாமல் சொன்னாள், நடுவில் நின்றால் முடியாது என்று தெரிந்தவள்போல. "டாக்டர் தைலம்னு சொல்லவே இல்ல. என் கைதான். பார்லர் சாயம். நான் பொய் சொன்னேன். நீங்க அவனைத் தொடக் கூடாதுன்னுதான் சொன்னேன். எனக்குப் பொறுக்கல. இப்ப கண்ணு போயிடும்னுட்டார்."

சொல்லி முடித்துவிட்டு அடிக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள்.

பெரியவள் கைநீட்டி மாப்பிள்ளையை வாங்கித் தரையில் விட்டாள். அது அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. கூம்பு அவள் முழங்காலில் இடித்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"சாயம்தான்னு. மொத நாள் அவன் மேல வந்தப்பவே தெரியும். முகத்துல அந்த வாடை அடிச்சுது. கண்ணோரம் பழுப்பா இருந்தது. துணியை நனைச்சுத் துடைச்சு விட்டேன். அவனுக்கு எரிச்சல் அடங்குச்சு போல, மறுநாளும் வந்தான். தினம் வந்தான்."

சின்னவளுக்கு அந்தக் கிண்ணமும் துணியும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. தான் சாயங்காலம் பூசியதைப் பெரியவள் காலையில் துடைத்திருக்கிறாள். ஒன்றரை மாதம்.

"தெரிஞ்சு ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அன்னிக்குப் படியில நான் அவ்வளவு கத்தினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம்" என்றாள் பெரியவள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "சொன்னா நீ அன்னிக்கே கையுறை மாட்டிக்குவே. நாலு நாள்ல அவனுக்கு ஆறிப்போயிடும். அப்புறம் அவன் எதுக்கு மேல வரப்போறான்?"

சின்னவள் நியாயப்படி அங்கேயே கூரை பறக்கக் கத்தியிருக்க வேண்டும். வாயில்லா ஜீவனை எரியவிட்டு வேடிக்கை பார்த்தாயா என்று கேட்டிருக்க வேண்டும். வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தன. ஆனால் ஆறு நாளாக அவளும் அதையேதான் செய்திருந்தாள். எதிரே நிற்பவள் முகத்தைப் பார்த்தபோது, வீட்டுக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது.

"தப்புதான்" என்றாள் பெரியவள் மெதுவாக. "காலைல கதவு பிறாண்டற சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுதே விடியுது. அதை விட்டுட மனசு வரல."

மாப்பிள்ளை இதையெல்லாம் கேட்கும் மனநிலையில் இல்லை. தரையில் படுத்து, முகத்தைத் தேய்க்க ஓர் இடம் தேடியது.

"குடு அந்த மருந்தை" என்றாள் பெரியவள்.

சின்னவள் பையிலிருந்து எடுத்தாள். கொடுக்கக் கையை நீட்டினாள். கை நீண்டது, விரல் விடவில்லை. இரண்டு பேரும் அந்தச் சின்ன டியூபை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார்கள். மாப்பிள்ளை முனகியது. சின்னவள் விட்டாள்.

பெரியவள் தைலம் படாத இன்னொரு சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, கையைக் கழுவி, கிண்ணத்தில் வெந்நீர் எடுத்து ஆறவிட்டு உட்கார்ந்தாள். கூம்பைக் கழற்றினாள். மாப்பிள்ளை தானாகவே போய் மடியில் தலையை வைத்தது. யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. துணி பட்டதும் நல்ல கண்ணை மூடியது. வீங்கிய கண் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

சின்னவள் வாசற்படியிலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். இத்தனை நடந்த பிறகு அவளுக்குப் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பச்சைப் பொய். முன்பைவிட அதிகமாக எரிந்தது. அந்தத் துணியைப் பிடுங்கி, அந்த மடியைத் தள்ளிவிட்டு, அந்த முகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்றிருந்தது. ஓடி எங்கே போவது? இந்தக் கையை வைத்துக்கொண்டு?

"உள்ள வா. வாசல்ல என்ன நிக்கறே? சொட்டு மருந்து விடணும், உதறுவான். பின்னங்காலைப் பிடிச்சுக்கோ."

போய் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். முகத்திலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில், இரண்டு பின்னங்காலையும். மருந்து விழுந்தபோது அது உதறியது, அவள் விடவில்லை. பெரியவள் களிம்பை நுனிவிரலில் எடுத்துக் கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடவினாள். பார்லரில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் போல, அவ்வளவு பதமான கை. அதையும் சின்னவள் கவனிக்காமல் இல்லை.

"ஆறினப்புறம்..." என்று ஆரம்பித்தாள் பெரியவள். தலையை நிமிர்த்தவில்லை. களிம்பு மூடியை ரொம்ப நேரம் திருகிக்கொண்டிருந்தாள். "ஆறினப்புறமும் அவன் வருவானா?"

வராது என்று சொல்லச் சின்னவளுக்கு நாக்கு துடித்தது. மூணு வாரத்தில் முகம் ஆறிவிடும், கையுறை மாட்டினால் கையும் சுத்தமாகிவிடும், அப்புறம் யார் வீட்டு நாய், யார் மடி என்று பார்த்துவிடலாம். கதவைக் கொஞ்சம் தாமதமாகத் திறந்தால் போதும். அவள் பார்லருக்குக் கிளம்பும்போது உள்ளேயே விட்டுப் பூட்டினால் போதும். எல்லா வழியும் அவளுக்குத் தெரியும்.

"நீங்க கதவைச் சாத்தாம இருங்க" என்றாள். "வருவான்."

அப்படிச் சொல்லித் தொலைத்ததற்காக அன்று முழுக்க அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.